ரசமும் போரும்

அக்காவின் கணவர் பட்டான்செருவில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. தொழிலாளி ஒருவருக்கு விரல் நசுங்கினால்கூட, அதற்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். "தெரியாம நடந்துபோச்சு" என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் தலைக்கேறும். வீட்டிலும் அதே கதைதான். ஒரு டம்ளர் உடைந்தாலும் அக்காவிடம் விசாரணை நடக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்டுகுடாவில் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் எங்கோ தூர தேசத்துப் போர். குண்டு விழுந்த பள்ளிக்கூடத்தின் இடிபாடுகளிலிருந்து ஒரு புத்தகப் பையை வெளியே இழுத்தார்கள். அத்தான் ரசம் சோற்றைப் பிசைந்தபடியே, "சண்டைன்னா நாலு பேர் சாகத்தான் செய்வாங்க. முதல்ல அடிச்சது அவங்கதானே?" என்றார்.

"அந்தப் பிள்ளைங்களா அத்தான் அடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"உனக்கு அரசியல் புரியாது. குறி தவறியிருக்கும். தெரியாம நடந்துபோச்சு."

நசுங்கின விரலுக்கு நியாயம் கேட்கிற மனுஷன், ஒரு பள்ளிக்கூடத்தையே இப்படித் தள்ளிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்கிறார்!

சாயங்காலம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "யார் அடுப்பைப் பார்த்துக்கிட்டது?" என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தார்.

"பால்னா பொங்கத்தான் செய்யும் அத்தான்" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.