பத்துக்கு எத்தனை வலி?

ஆபரேஷன் வார்டில் மாரடிக்கும் நர்ஸ் சகோதரிகளே, வலி எவ்வளவு என்று நோயாளி சொன்னால்தான் நமக்குத் தெரியும். அதைத்தான் அவர்கள் ஒழுங்காகச் சொல்லித் தொலைக்க மாட்டார்கள்.

மூணு மார்க்

ஏகாம்பரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். குடலில் ஓட்டை விழுந்து, வயிற்றைத் திறந்து தைத்திருந்தார்கள். "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்டேன். முகமெல்லாம் வியர்வை, கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருக்கிறார். "மூணு" என்றார்.

அவர் மனைவி கஸ்தூரியம்மா காபி வாங்கப் போனதும் மறுபடி கேட்டேன். "ஒம்போது" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏன் பொய் சொன்னீர்கள் என்றேன். "அவ எதிர்ல எப்டி சொல்றது சிஸ்டர்? ரெண்டு பிரசவத்துலயும் அவ வாயே தொறக்கலையாம். இன்னிக்கும் அதயே சொல்லிக் காட்டிகினு கீறா."

பட்டன்

டாக்டர் மார்ஃபின் பம்ப் வைக்கச் சொன்னார். வலிக்கும்போது நோயாளியே பட்டனை அமுக்கிக்கொள்ளலாம். அளவாக மருந்து இறங்கும். வேறு யாரும் தொடக்கூடாது. தூங்குகிறவருக்கு மேலும் மேலும் ஏறினால் மூச்சு மந்தமாகிவிடும். இதையெல்லாம் கஸ்தூரியம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வந்தால், இவர் குறட்டை விடுகிறார், பட்டன் அந்தம்மா கையில். பிடுங்கிக்கொண்டு, அவர் மூச்சைப் பார்த்து, டாக்டருக்கும் சொல்லிவிட்டு, அப்புறம் கத்தினேன். கஸ்தூரியம்மா அசரவில்லை. "தட்டுல சோறு போட்டுக்கத் தெரியாது இந்தாளுக்கு. மருந்த மட்டும் அவரே போட்டுக்குவாரா?"

மாங்காட்டுச் சத்தியம்

மறுநாள் ஏகாம்பரம் பட்டனைத் தொடவே இல்லை. பார்க்க வந்த ஐடிக்காரர் ஒருவர், அவர் தெருவில் புது ஃப்ளாட்டுக்குக் குடிவந்தவர், போனில் தேடிப் பார்த்து மார்ஃபின் போதை மருந்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஏகாம்பரமோ, இனி போதையைத் தொடமாட்டேன் என்று மாங்காடு அம்மன் சந்நிதியில் சத்தியம் செய்து குடியை விட்டவர். வலியில் இருமவும் இல்லை, மூச்சை இழுத்து விடவும் இல்லை. இப்படியே கிடந்தால் சளி கட்டி நிமோனியா வரும். அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிஜமாகவே பயந்துபோனேன். "சில நாள்தான், அளவோடுதான், நாங்களே குறைத்து நிறுத்திவிடுவோம்" என்று டாக்டரும் நானும் மாறி மாறிச் சொன்னோம். மனிதர் மசியவில்லை.

கஸ்தூரியம்மா என்னிடம் கேட்டார்: "இத்த போட்டா இரும முடியுமா சிஸ்டர்?" முடியும் என்றேன். கட்டிலருகே போய் நின்றார். "யோவ், உன்ன மாங்காட்டுக்கு இட்டுகினு போனது நானு. சத்தியம் வாங்கினதும் நானு. அது சாராயத்துக்கு. அம்மன் எதுனா கேட்டா என்னாண்ட கேக்கட்டும். நீ அமுக்கு."

அமுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினார். சளி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கஸ்தூரியம்மா அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னும் நல்லா இருமுய்யா. அம்மனுக்குக் கேக்கட்டும்."

இப்போதெல்லாம் டாக்டர் மார்ஃபின் எழுதினால், நோயாளியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் அவர் பெண்டாட்டியைத்தான் தேடிப் போகிறேன்.