இடது மிதி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது கற்பனை இல்லை. 1974 வைகாசியில், காஞ்சிபுரத்தில், இளங்கோவன் என்கிற எனக்கே நடந்தது.

பதினெட்டு வருஷம் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தவன் நான். முட்டி இரண்டும் போய்விட்டன. அப்போதுதான் பட்டுக்கடை முதலாளி சபாபதி தன் வேனுக்கு டிரைவர் தேடினார். திங்கட்கிழமை வந்து ஓட்டிக் காட்டு என்றார். அது கிடைக்காவிட்டால் மறுபடி குழிதான். நினைத்தாலே உடம்பு அலுத்துப்போகும்.

லைசென்ஸ் இருந்தது. கால்தான் சொன்னபடி கேட்கவில்லை. தறியில் இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி அழுத்திப் பழகிய கால். வண்டியிலும் அப்படியே... வலது, இடது, வலது, இடது. வண்டி துள்ளி நின்றுவிடும். அதைப் பார்த்தவன் எவன் பழக வண்டி தருவான்?

திருவிழாப் பொருட்காட்சியில் ஒரு கார் பந்தய மெஷின் வந்திருந்தது. நாலணா போட்டால் விளக்கு எரியும். கண்ணாடிக்குப் பின்னால் சாலை வரைந்த துணி உருளும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சின்னத் தகரக் கார் நகரும். சாலையை விட்டு விலகினால் மணி அடிக்கும். கால்களை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் விட வேண்டும். வலது மிதி வேகம். இடது மிதி பிரேக்.

தினமும் போனேன். தினமும் மணிதான் அடித்தது.

“இன்னாபா, கார் ஓட்டுறியா, சேலை நெய்யிறியா?” என்பான் மெஷின்காரன் அபிநந்தன். “பார்டர் நல்லா வந்துக்கினு இருக்குது!”

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. அனல் வெயில். பொருட்காட்சியில் ஆள் இல்லை. அபிநந்தன் டீ வாங்கப் போனான். நான் காசு போட்டேன்.

க்ர்ர்ர்... துணி உருண்டது.

இடது மிதி அன்று சூடாக இருந்தது. வெயில்தானே என்று நினைத்தேன். வழக்கம்போல் காலை மாற்றப் பார்த்தேன்.

இடது கால் எழவில்லை.

கீழேயிருந்து ஏதோ அதைப் பிடித்திருந்தது. வளைவு வந்தபோது தானே இறக்கியது. வளைவு தாண்டியதும் தானே ஏற்றியது. தகரக் கார் வழுக்கிக்கொண்டு போனது. மணி அடிக்கவே இல்லை.

டக். நேரம் முடிந்தது. விளக்கு அணைந்தது. துணி நின்றது.

காலுக்குக் கீழே இருந்தது மட்டும் நிற்கவில்லை. மெல்ல... அசைந்தது.

விரல்கள்.

காலை உருவிக்கொண்டு குதித்தேன். அபிநந்தன் டீயோடு வந்தான்.

“இடது மிதியில... ஏதோ இருக்குதுபா.”

“இடது மிதியா? அதுல ஒரே மிதிதானே?”

தீக்குச்சி கிழித்துக் குனிந்தோம். வலது பக்கம் ஒரு மிதி. இடது பக்கம் வெறும் பலகை. அதன்மேல் கனமான தூசி.

தூசியில் என் கால் தடம் இல்லை. ஒன்றுகூட.

அபிநந்தன் அப்புறம் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தார். ஓரிக்கை சாலை. கிளட்சில் இடது காலை வைத்தேன்.

சூடாக இருந்தது.

இறங்கி ஓடியிருக்க வேண்டும். எங்கே ஓடுவது? குழிக்கா? எனக்குத் தெம்பில்லை. அழுத்தினேன்.

கியர் வெண்ணெயாக விழுந்தது. ஓர் இடத்திலும் வண்டி துள்ளவில்லை.

“வேல உனக்குத்தான்பா” என்றார் முதலாளி. “சாயங்காலம் ஆயில் மாத்திட்டு வந்து நிறுத்திடு.”

மெக்கானிக் தாவீது எனக்குப் பழக்கம். வேனுக்கு அடியில் படுத்தான். டார்ச் அடித்துப் பார்த்தான்.

“அண்ணே...”

“இன்னாடா?”

“இத கியர் போட்டா ஓட்டிக்கினு வந்த?”

“ஆமா.”

வெளியே வந்தான். கையாலேயே கிளட்ச் மிதியைத் தட்டினான். அது தொளதொளவென்று தரைவரை விழுந்து அப்படியே கிடந்தது.

“மிதியிலேர்ந்து கிளட்சுக்குப் போற ராடே இல்ல. ஒடிஞ்சி விழுந்துட்டுது. ஒடிஞ்ச எடமே துரு ஏறிக் கெடக்குது. இது எதையும் இழுக்காதுண்ணே.”

நான் குனிந்து மிதியைத் தூக்கிப் பார்த்தேன்.

“பழைய ராடு ஒண்ணு இருக்குது. பத்தே நிமிஷம். போட்டுடட்டுமா?”

ராடு போட்டால் அது வெறும் இரும்பு. அதை என் கால்தான் அழுத்த வேண்டும். வலது, இடது, வலது, இடது...

“வேணாம்டா,” என்றேன். “அப்படியே இருக்கட்டும்.”

தாவீது என்னைப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் அந்த வேனைத் தொடுவதில்லை.

நாலு வருஷம் ஆகிறது. முதலாளி என்னைப்போல் டிரைவர் இல்லை என்கிறார். தினமும் காலையில் ஏறி உட்காருகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாகத்தான் காலை வைக்கிறேன்... அதற்கு வலிக்கக் கூடாதே என்று.