அப்பா பார்த்த பறக்கும் தட்டு

மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசையின் வாசனைதான் எனக்கு டிசம்பர். சேலையூரில் எங்கள் தெருவின் கிறிஸ்தவ வீடுகள் எல்லாமே "ஸ்டார்" கட்டும். யாருடைய ஸ்டார் உயரம் என்பதில் வெளியே சொல்லாத போட்டி ஒன்றும் உண்டு. எனக்குப் பத்து வயதான அந்த வருடம், மூங்கில் பட்டையும் சிவப்புக் கண்ணாடித் தாளும் வைத்து நானே முதன்முதலாகச் செய்த ஸ்டாரை, வீடு வீடாகப் போய்ப் பாடும் "கேரல் ரவுண்ட்ஸ்"க்கு அப்பா போயிருந்த நேரம் பார்த்து, அம்மாவும் நானும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியோடு ஒரு நெட்டை மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, அதன் உச்சியில் ஏற்றிவிட்டோம். பல்பு சூட்டில் தாள் கருகிவிடும் என்று, அப்பா திரும்புவதற்குள் அம்மா அதை அணைத்தும்விட்டாள்.

அப்பா பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். அன்று பக்கத்து ஊரான மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் பாடிக்கொண்டிருந்தபோது, பனிமூட்டத்துக்கு நடுவே சிவப்பாக ஒரு வெளிச்சம் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். பாட்டு பாதியில் நின்றது. "இன்னா சார் அது, ஆடிகினு கீது?" என்று டிரம் அடிக்கிற அண்ணன் கேட்க, "ப்ளேன்னா நகரணும், நட்சத்திரம்னா ஆடக்கூடாது" என்று அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? பக்கத்திலிருந்த விமானப்படைத் தளத்துக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டார். விடிவதற்குள் "பறக்கும் தட்டு" சேதி கேம்ப் ரோடு முழுக்கப் பரவிவிட்டது. நானும் அம்மாவும் வாயைப் பிளந்துகொண்டு அதை நம்பினோம் என்பதுதான் வேடிக்கை.

மறுநாள் மாலை விமானப்படையிலிருந்து ஜீப்பில் இரண்டு பேர் மாடம்பாக்கத்துக்கு வந்தார்கள். ஒருவர் அப்பாவோடு அதே மாடியில் பைனாகுலருடன் நின்றுகொள்ள, இன்னொருவர் வெளிச்சம் மறுபடி தெரிந்த திசையில் ஜீப்பை விட்டு, "லெஃப்ட்டு, இன்னும் கொஞ்சம் லெஃப்ட்டு" என்று போனில் வந்த குரலைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா, அந்த ஸ்டாரை ஒரு தடவை ஆஃப் பண்ணு."

அணைத்தேன்.

"இப்ப போடு."

போட்டேன். போனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அதில் அப்பாவின் சிரிப்பு மட்டும் இல்லை.

"ப்ளேன் இறங்குற ஏரியாம்மா. இவ்வளவு உயரத்துல வேணாம், எடுத்துடுங்க" என்றார் அவர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்த அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், ஸ்டார் குப்பைக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவரோ அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீயா செஞ்ச?" என்றார். தலையாட்டினேன். உடனே விமானப்படைக்காரரிடம் திரும்பி, "சார், தப்பாப் பார்த்தது நான். கீழே இறக்கி வாசல்ல கட்டிடறேன், எடுக்க மட்டும் சொல்லாதீங்க, என் பொண்ணு செஞ்சது" என்றார். யார் முன்னாலும் அப்பா அப்படித் தணிந்து பேசி நான் கேட்டதில்லை. அவர் சிரித்துக்கொண்டே சரி சொல்ல, அப்பாவே மாடியேறி மூங்கிலை இறக்கினார். என்னைத் தோளில் தூக்கி வைத்து ஸ்டாரை வாசலில் கட்ட வைத்தார். அன்றைக்குக் கேரல் எங்கள் வீட்டில்தான் தொடங்கியது. விமானப்படைக்காரர்கள் இருவரும் கேக் தின்றபடி தாளம் போட்டார்கள். அவ்வளவு சந்தோஷமான கிறிஸ்துமஸ் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

போன டிசம்பரில் அப்பாவும் நானும் அதே மாடம்பாக்கத்து மாடியில் நின்றோம். உயரக் கட்டும் போட்டியெல்லாம் போய்விட்டது. பால்கனிக்கு ஒன்றாகக் கடையில் வாங்கிய எல்.இ.டி. ஸ்டார்கள், அடுக்குமாடிகளின் தலையில் சிவப்பு விளக்குகள். எங்கள் வீடு எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை. அப்பா வெகுநேரம் தேடிவிட்டுச் சொன்னார்: "இப்ப நிஜமாவே ஒண்ணு வந்து இறங்கினாலும் யாருக்கும் தெரியப்போறதில்ல பாப்பா."