சுவரில் ஒரு சிறுத்தை, ஓடையில் ஒரு சிறுத்தை

பதுளை டவுனை ஒட்டிய எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பரா அந்தோனிப்பிள்ளையுடையது. நல்ல மனுசன்தான், ஆனால் யார் பேச்சையும் கேட்க மாட்டார். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியும் போஞ்சியும் போட்டிருந்தார். காட்டுப்பன்றி வந்து அத்தனையையும் உழுதுவிட்டுப் போகும். பொறுத்துப் பார்த்தவர், ஓடைப் பக்கம் மூன்று இடத்தில் கம்பிச் சுருக்கு வைத்தார். அது குற்றம் என்று யாருக்குத் தெரியாது? ஆனால் பன்றி விழுந்தால் எல்லாச் சட்டிக்கும் பங்கு வரும், எல்லா வாயும் மூடிக்கொள்ளும். என் வாயும்தான்.

அந்தச் சமயத்தில் டவுன் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் லயம் வரைக்கும் சுவர் சுவராக நம்ம ஊர் மிருகங்களை வரையத் தொடங்கினார்கள். மரநாய், குரங்கு, வௌவால் எல்லாம் வந்தன. அந்தோனிப்பிள்ளையின் மகள் ஷிரோமி, தன் வீட்டுச் சுவரில் சிறுத்தையை வரைந்தாள். அடேயப்பா, என்ன கண்ணு! அந்தப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருந்தது.

சுவர்ப் படங்களின் திறப்பு விழா அன்று காலை தோரணம் கட்டிக்கொண்டிருந்தோம். ஓடைப் பக்கம் உறுமல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், சுருக்கில் விழுந்திருந்தது பன்றி இல்லை. இடுப்பில் கம்பி இறுகிய சிறுத்தை.

யாரோ போன் போட, வனசீவராசி அதிகாரிகள் மயக்க ஊசித் துப்பாக்கியோடு வந்தார்கள்.

"இத வச்சது யாரு?" என்று ஓர் அதிகாரி அதட்டினார்.

ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தோம். அந்தோனிப்பிள்ளை வெளிறிப்போய் நின்றார். சொன்னால் ஜெயில். அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. பாவி மனுசா, இப்படி மாட்டிக்கிட்டியே என்று நினைத்துக்கொண்டேன்.

துப்பாக்கியைத் தூக்கிய நேரம் சிறுத்தை எகிறியது. கூட்டம் சிதறியது. பயத்தில் ஷிரோமி தேயிலைக்குள் பாய்ந்து, ஓடைக்கரையோரமாக ஓடினாள். அடுத்த சுருக்கு அங்கேதான் இருந்தது. கால் மாட்டி விழுந்தால் சிறுத்தைக்கு எட்டும் தூரம்.

"ஷிரோமி! நில்லு! அங்கயும் சுருக்கு இருக்கு! கால வைக்காத!" என்று அந்தோனிப்பிள்ளை தொண்டை கிழிய அலறினார்.

அவள் அப்படியே நின்றாள். காலடிக்கு முன்னால் கம்பி வளையம் கிடந்தது. அதற்குள் ஊசி தைத்து, சிறுத்தை மெல்லச் சாய்ந்தது.

அதிகாரி திரும்பினார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாங்க வச்சேன் சேர். அந்த மூங்கில் பக்கம் இன்னொன்னு இருக்கு. அதையும் எடுத்துருங்க."

கம்பியை அறுத்து, மூச்சு இருந்த சிறுத்தையைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்தோனிப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர்கள் அறுத்துப் போட்ட கம்பியை ஷிரோமி குனிந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜீப்புக்குக் கிட்டப் போனாள்.

"அப்பா, துணி காயப்போடணும்னு சொல்லி என்னைய வாங்கியாரச் சொன்னீங்களே, அந்தக் கம்பிதானே இது?"