சென்னகேசவனின் வாய், தங்கசாமியின் குரல்

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் பிறந்த சென்னகேசவனுக்கு முப்பது வயதிலேயே கிழவர் வேடம் அமைந்துவிட்டது. வீட்டில் பேசுவது கன்னடம். மேடையில் ஏறினால் தமிழ் கணீரென்று வரும். மைக் செட்டு படுத்துவிட்ட ஊர்களில்கூட, பந்தலுக்கு வெளியே மாட்டுவண்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அவர் வசனம் தெளிவாகக் கேட்கும். ராஜபார்ட்டுக்கு முகவெட்டு போதாது என்று நாடக ஏஜெண்டு வெள்ளத்துரை சொல்லிவிட்டதால் மந்திரி, முனிவர், மகளைப் பறிகொடுத்த தகப்பன் என்றே காலம் ஓடியது. நரிக்குடிப் பக்கம் அந்தத் தகப்பன் அழுதால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் சென்னைக்குப் போனார். கோடம்பாக்கத்தில் ஐந்து பேர் இருந்த அறையில் அவருக்கு ஒரு பாய். தபால்காரர், பூசாரி, பஞ்சாயத்தில் தலையாட்டுகிறவர் என்று பதினோரு படங்கள். எதிலும் இரண்டு வரிக்கு மேல் வசனமில்லை. ஆறு வருஷம் கழித்துத்தான் கதாநாயகியின் தகப்பன் வேடம் கிடைத்தது. காய்ந்த கண்மாய்க்குள் படப்பிடிப்பு. மகளை வழியனுப்பிவிட்டு அவர் கதறிய காட்சி ஒரே டேக்கில் முடிந்தது; விளக்குப் பிடித்தவர்கள் கைதட்டினார்கள். காற்றிரைச்சலில் குரல் பதிவாகவில்லை, பிறகு ஸ்டுடியோவில் வந்து பேச வேண்டும், தந்தி அடிக்கிறோம் என்றார்கள்.

அதற்குள் மனைவி லிங்கம்மாள் டைபாய்டில் படுத்துவிட்டாள். ஊருக்கு ஓடிவந்தார். அவள் கஞ்சி குடிக்கத் தொடங்கிய நாளில் அறை நண்பரின் கடிதம் வந்தது. தந்தி வந்து ஐந்து நாளாயிற்று என்று அதில் எழுதியிருந்தது. அன்றைக்கே பஸ் ஏறினார்.

“ரெண்டு நாள் காத்திருந்தோம்ணே. ரிலீஸ் தேதி வச்சாச்சு. வேற ஆள வச்சுப் பேசி முடிச்சிட்டோம்” என்றார் உதவி இயக்குநர்.

“ஒரே ஒரு தடவ பேசிக் காட்டுறேன், தம்பி.”

“பிரிண்டு போட்டாச்சுண்ணே.”

யாரும் முகம் கோணவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். கோபப்படுவதற்குக்கூட அங்கே ஆள் இல்லை.

படம் அருப்புக்கோட்டைக்கு வந்தபோது லிங்கம்மாளைக் கூட்டிப்போனார். திரையில் அவர் வாய் திறந்தது. யாருடையதோ மெலிந்து நடுங்கும் குரல் வந்தது. கொட்டகையே மூக்கைச் சிந்தியது. லிங்கம்மாள் திரையைப் பார்க்காமல் இருட்டில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கூட்டம் சூழ்ந்தது.

“என்னமா பேசிட்டீக அண்ணாச்சி!”

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். கும்பிட்டுவிட்டு நடந்தார்.

அடுத்து நான்கு படங்கள் வந்தன. நான்கிலும் அந்தக் குரலுக்கே முன்கூட்டி ஏற்பாடு செய்துவிட்டார்கள். சனங்களுக்கு அது பழகிவிட்டதாம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரான தங்கசாமியை ஒருநாள் ஸ்டுடியோ வாசலில் பார்த்தார். ஒல்லியான மனிதர், இவரைக் கண்டதும் எழுந்து நின்றார். “உங்க முகத்தப் பாத்துத்தாண்ணே எனக்கு அழுகையே வந்துச்சு” என்று கையைப் பிடித்துக்கொண்டார். வெறுத்துவிடலாம் என்று நினைத்திருந்த சென்னகேசவனுக்கு அதுவும் முடியாமல் போயிற்று.

எழுபத்து நாலில் வாய்ப்பு அற்றுப்போய் ஊர் திரும்பினார். வெள்ளத்துரை ‘சினிமா புகழ்’ என்று நோட்டீஸ் அடித்தார். எம்.ரெட்டியபட்டி பொங்கலுக்கு அதே தகப்பன் வேடம். சென்னகேசவன் தன் பழைய தொண்டையைத் திறந்தார். மூன்று வரி போனதும் கூட்டத்தில் சலசலப்பு.

“ஏலே, அவுக கொரலு இது இல்ல!”

“வேற ஆள வேசங்கட்டி ஏமாத்துறாகடா!”

மண்ணாங்கட்டி ஒன்று வந்து ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. திரை ஓரத்திலிருந்து வெள்ளத்துரை பதறினார். “கேசவா, சினிமாவுல பேசுற மாதிரி பேசுய்யா! ஒன்னியக் கும்பிடுறேன்!”

சென்னகேசவன் ஆர்மோனியத்தின் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பிறகு தொண்டையை ஒடுக்கி, தங்கசாமியைப் போல நடுங்கி நடுங்கிப் பேசினார். கூட்டம் அடங்கியது. அப்புறம் அழுதது.

அதற்குப்பின் எந்த ஊரிலும் அதே குரல்தான். லிங்கம்மாள் நாடகம் பார்க்க வருவதை நிறுத்திவிட்டாள். வீரசோழன் ஊர் நாடகத்துக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது, வழியனுப்ப வந்தவளிடம் ஏன் என்று கேட்டார்.

“அங்க பேசுறவுக யாரோ. நான் எதுக்கு?” என்றாள் கன்னடத்தில்.

பஸ் வந்தது. ஒட்டுத்தாடி வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.