கிரேன்கள் குனியும் இடம்

நான் எழுதிப் பழகியவன் அல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு கடையில் கயிறும் வலையும் படங்கும் விற்கிறேன். சாமான் பட்டியல் எழுதுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவன் வெளிநாட்டுப் பாட்டு வீடியோக்களைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இதை யாருக்காவது சொல்லவேண்டும். முகம் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

என் தங்கச்சிக்கு ஐந்து வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அதோடு காது போய்விட்டது. அதே காய்ச்சல் இருதயத்திலும் ஒரு பழுதை விட்டுப்போனது பிறகுதான் தெரிந்தது. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. கோயிலில் பறை அடித்தால், பக்கத்தில் லொறி ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்ப்பாள். மற்றதெல்லாம் வாயைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வாள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். இருவருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. கடையிலிருந்து நான் கொண்டுவரும் படங்குகளுக்கு அவள் விளிம்பு மடித்துத் தைத்துக் கொடுப்பாள். தம்பலகாமத்தில் காயவைத்த நெல்லையும் மூதூரில் கரையேற்றிய படகுகளையும் மழை வந்தால் மூடியவை பெரும்பாலும் அவள் தைத்த படங்குகள்தான்.

தமிழ்ப் பாட்டு அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்றால், டீவியில் பாட்டுப் போகும்போது சொந்தக்காரர்கள் ஒரு வரிக்குச் சிரிப்பார்கள், ஒரு வரிக்குக் கண் கலங்குவார்கள். அவள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பிந்திச் சிரிப்பாள். பிறகு எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள்.

நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம், என் போனில் வேறு எதையோ தேடப்போய் ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கியது. நீளமான ஒரு மண்டபம். சுவர் முழுக்க உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள். பாட்டின் தாள அடி விழ விழ ஒவ்வொரு மெஷினின் கதவும் திறந்து, ஒவ்வொரு நிறத்தில் துணி வெளியே பாய்ந்தது. கடைசியில் மண்டபமே துணியால் நிறைந்து, நடுவில் ஒரு பெண் கழுத்தளவு துணிக்குள் நின்று ஏதோ பாடினாள். தங்கச்சி என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாசை?"

"தெரியாது."

"அவள் என்ன சொல்லுறாள் எண்டு விளங்குதோ?"

"ஒண்டும் விளங்கேல்லை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப இந்தப் பாட்டிலை நீங்களும் செவிடுதான் அண்ணா."

அன்றிலிருந்து எங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவரிடம் தாள அடிக்கு அதிரும் பழைய பேஸ் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அரை ஆள் உயரம். அதன் மேல் அவள் இரண்டு கைகளையும் விரித்து வைப்பாள். சில நேரம் குனிந்து நாடியை ஊன்றுவாள். நான் போனை டீவியில் இணைத்துச் சத்தத்தைக் கூட்டுவேன். கம்பியூட்டரில் செய்த இசை என்றால் அவளுக்கு மிகவும் விருப்பம். அதில் அடி ஒழுங்காக, கனமாக விழும். வயலின், புல்லாங்குழல் எல்லாம் அவளுக்கு இல்லாத சாமான்கள். அடி மட்டும் உள்ளங்கையால் ஏறி முழங்கை வரைக்கும் வரும் என்று சொல்லுவாள்.

நான் கடை விட்டு வந்து தேத்தண்ணி குடித்த கையோடு தொடங்குவோம். அவளுக்குப் பிடித்த ஒன்றில் ஒரு மொட்டைத்தலை மனிதர் பாட்டு முழுக்க ஒரே ஒரு முழுக்கைச் சேட்டை அயன் பண்ணுவார். ஒவ்வொரு அடிக்கும் ஆவி பறக்கும். முடிவில் அந்தச் சேட் தானாக எழும்பிக் கதவைத் திறந்து போய்விடும். அவர் அயன்பெட்டியோடு பார்த்துக்கொண்டு நிற்பார்.

"அந்தச் சேட் உங்களை மாதிரி," என்பாள். "ஆளைக் கண்டால் ஓடிடும்."

அவள் என்னைவிட நன்றாகப் பார்ப்பாள். மெஷின் வீடியோவில் ஒரு கதவு மட்டும் கடைசிவரை திறக்காமல் இருப்பதை நான் முப்பது தரம் பார்த்தும் காணவில்லை. அவள் இரண்டாம் தரமே கண்டுவிட்டாள்.

பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் முந்தி துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டியவர். எங்கள் பாட்டுகளுக்கு இஞ்சின் றூம் பாட்டு என்று பெயர் வைத்திருந்தார். சத்தம் கூடினால் கைத்தடியால் சுவரில் தட்டுவார்.

"பிள்ளை, இஞ்சினைக் குறையடி. வீடு கரையை விட்டு வெளிக்கிடப்போகுது."

நான் அதை வாயசைத்து அவளுக்குச் சொல்லுவேன். அவள் சத்தத்தை இன்னும் கூட்டச் சொல்லுவாள். அந்தப் பக்கம் பெரியப்பா சிரிப்பது கேட்கும். தாளத்துக்குத் தட்டுகிறாரா, கோபத்தில் தட்டுகிறாரா என்று சில நேரம் தெரியாது.

போன மாரியில் பெரியப்பா செத்துப்போனார். அப்பாவின் கூடப்பிறந்தவர் என்பதால் எங்கள் வீட்டுக்கும் சாவுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை பாட்டுச் சத்தம் வரக்கூடாது. அது எங்களுக்குள் யாரும் சொல்லித் தெரிவதில்லை. நான் பெட்டியின் வயரைக் கழற்றி மேலே ஒரு துணியைப் போட்டேன்.

நாலாம் நாள் அந்தப் புது வீடியோ வந்தது.

விடியப்புறம். ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகம். ஆள் நடமாட்டம் இல்லை. பெரிய கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று மெல்லக் கையைத் தூக்குகிறது. பிறகு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து ஆடத் தொடங்குகின்றன. இரும்பு ஆடுவது போலவே இல்லை, கொக்குகள் ஆடுவது போல இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் எல்லாம் அப்படியே நிற்கும். பிறகு எல்லாக் கிரேன்களும் ஒன்றாகத் தலை குனியும். யாருக்குக் குனிகின்றன என்று காட்டமாட்டார்கள். கீழே தரையில் தேங்கிய மழைத்தண்ணியை மட்டும் காட்டுவார்கள்.

அவள் அதைச் சத்தம் இல்லாமல் போனில் ஒரே நாளில் பத்துப் பதினைந்து தரம் பார்த்தாள். எங்கள் ஒழுங்கையின் முனைக்குப் போனால் எங்கள் துறைமுகத்துக் கிரேன்களும் தெரியும். அவற்றை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்தவள்.

"பெட்டியிலை போடுங்கோவன். ஒருக்கா."

"துடக்கு முடியட்டும்."

"சத்தத்தைக் குறைச்சு?"

"குறைச்சால் உனக்கு வராதே."

"ஓம்," என்றாள். அது இருவருக்கும் தெரிந்த விசயம்.

பதினாலாம் நாள் அவளுக்குக் கிளினிக். கொஞ்ச நாளாகவே மூச்சு வாங்குவது கூடியிருந்தது. டொக்டர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். வால்வு மிகவும் களைத்துவிட்டது, இனிச் செய்ய அதிகம் இல்லை, நாள் சொல்ல ஏலாது. அவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் அவள் எதிரே போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்துவதால் அவளுக்கு ஒன்றும் மறையாது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஓட்டோவில் வரும்போது கேட்டாள்.

"முப்பத்தொண்டுக்கு இன்னும் எத்தினை நாள் அண்ணா?"

"பதினேழு."

"டொக்டர் நாள் சொல்ல ஏலாது எண்டவர்."

நான் றோட்டைப் பார்த்தேன். அவள் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். நான் பேசினால் அவளுக்குத் தெரியவேண்டும் என்றால் முகம் அவள் பக்கம் இருக்கவேண்டும்.

"நான் பெரியம்மாட்டைப் போய்க் கேக்கட்டே? ஒரு பாட்டு. நாலு நிமிசம்."

"செத்தவீட்டிலை போய் பாட்டுப் போடக் கேக்கிறதே? என்ன கதை கதைக்கிறாய்?"

"அப்ப நீங்கள் கேளுங்கோ."

"என்னால ஏலாது."

"உங்களால எதுதான் ஏலும்," என்றாள். கோபமாக இல்லை. சிரித்துக்கொண்டுதான்.

பெரியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். வாசலால் போனால் இருபது அடி. கிளினிக்குக்குப் பிறகு வந்த பத்து நாளில் நான் அந்த இருபது அடியைப் பலதரம் நடந்திருக்கிறேன். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன், விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தரம் கேட்கத்தான் போனேன். வாசலில் நின்றபோது அவர் வெள்ளைச் சேலையோடு பெரியப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்தார். "என்ன தம்பி?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு தரமும் அதுதான் நடந்தது.

அதற்குப் பதிலாக ஒரு வழி யோசித்தேன். இயர்போனை என் காதில் போட்டுக்கொண்டு, அவள் வீடியோவைப் பார்க்க, நான் அவளுடைய புறங்கையில் விரலால் அடியைத் தட்டிக் காட்டுவது. அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முதல் கிரேன் கை தூக்கியது. நான் தட்டினேன். அவள் தலையாட்டினாள். நன்றாகத்தான் போனது. எல்லாம் நின்று, கிரேன்கள் குனியும் இடம் வந்தது. என் விரல் நின்றது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"இந்த இடத்திலை சத்தம் இல்லை."

"இருக்கு. தண்ணியைப் பாருங்கோ. நடுங்குது."

"அது காத்து."

"காத்தெண்டால் ஒரு பக்கமாய் ஓடும். இது நடுவிலை இருந்து நடுங்குது. சத்தம் இருக்கு அண்ணா. உங்களுக்குக் கேக்கேல்லை."

"எனக்குக் காது கேக்கும் தங்கச்சி."

அதை நான் அவளுக்கு வாழ்க்கையில் ஒருநாளும் சொன்னதில்லை. சின்ன வயதில் சண்டை பிடித்தபோதுகூடச் சொன்னதில்லை. சொன்னபிறகு அவள் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள், இன்னும் ஏதும் வருமா என்பது போல. பிறகு "சரி" என்று போனை என்னிடம் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். முகம் திருப்பிப் படுத்த அவளிடம் நான் எதைச் சொல்லியும் பயனில்லை. மற்ற நாட்களில் எழுப்பிவிட்டுச் சொல்லுவேன். அன்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் கதைத்தோம், சாப்பிட்டோம், அவள் படங்கும் தைத்தாள். வீடியோ பார்ப்போமா என்று மட்டும் அவள் கேட்கவில்லை. நானும் முப்பத்தொன்று வரட்டும், பெட்டியிலேயே போடுவோம் என்று இருந்துவிட்டேன்.

இருபத்தைந்தாம் நாள் மத்தியானம் பெரியம்மா கடைக்கு ஆள் அனுப்பினார். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கட்டிலில்தான் இருந்தாள். தையல் மெஷினில் ஒரு படங்கு மூன்று பக்கம் தைத்தபடி கிடந்தது.

பெரியப்பாவின் முப்பத்தொன்று எங்கள் வீட்டுத் துடக்குக்குள்ளேயே வந்துபோனது. அவளுடைய எட்டாம் நாள் சடங்குக்குப் பெரியம்மா வந்து பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது பழுதோ தம்பி? அவர் போன நாளிலை இருந்து சத்தமே இல்லை."

"துடக்கெண்டு கழட்டினனான் பெரியம்மா."

"ஆர் கழட்டச் சொன்னது?"

நான் கதிரைக்குப் பக்கத்தில் கிடந்த வயரைச் சுருட்டினேன்.

"அந்த மனுசன் கடைசி மட்டும் அந்தச் சத்தத்துக்குச் சுவரிலை தட்டிக்கொண்டுதான் கிடந்தது. நானே நினைச்சனான், பிள்ளை ஏன் போடேல்லை, அவருக்கும் கேக்குமே எண்டு. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமேடா."

"கேக்க வந்தனான்."

"எப்ப?"

நான் சொன்னேன். இரண்டு தரம் வாசலில் நின்றதைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். துணியைத் திருப்பிப் போட்டு, அதன் நாலு மூலையையும் இழுத்துச் சரிசெய்தார்.

தங்கச்சியின் முப்பத்தோராம் நாள், படையல் முடிந்து சனம் எல்லாம் போனபிறகு, வெளிச்சம் இருக்கும்போதே பெரியம்மா தன் வீட்டுக்குப் போக எழும்பினார். வாசலில் நின்று, "இண்டைக்குப் போடு," என்றார்.

வயரைக் கொழுவினேன். அவள் வைக்கும் இடத்தில் இரண்டு கைகளையும் வைத்தேன். நான் ஒருநாளும் அப்படி வைத்துப் பார்த்ததில்லை. எனக்குத்தான் காது கேட்குமே. முதல் கிரேன் தூக்கியது. அடி முழங்கை வரைக்கும் வந்தது. அவள் சொன்னது போலத்தான். எல்லாம் ஆடி முடிந்து நின்றன. குனியத் தொடங்கின.

காதுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கைக்கு இருந்தது. அடி இல்லை, ஒரு நடுக்கம். கப்பல் தூரத்தில் இஞ்சினைப் போடும்போது இறங்குதுறைப் பலகையில் வருமே, அந்த மாதிரி. மிகவும் ஆழத்தில் இருந்து, கிரேன்கள் குனிந்து நிமிரும்வரை வந்துகொண்டே இருந்தது. அந்தச் சின்ன இயர்போனில் வரக்கூடிய சாமான் அல்ல அது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் அலுமாரிக் கண்ணாடி அதிரும் சத்தம் கேட்டது. டீவியில் தண்ணி நடுவிலிருந்து நடுங்கியது.

நான் திரும்பப் போட்டேன். திரும்பவும் இருந்தது. சத்தம் இருக்கு என்று அவள் சொன்னாள். எனக்குக் காது கேக்கும் என்று நான் சொன்னேன். அவள் சரி என்றாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். மூன்று பக்கம் தைத்த படங்கை மற்றப் பக்கம் தைக்காமலே, சொல்லி வைத்திருந்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மத்தியானம் மழை பெய்தது.