ஐஸ் மேல் படுத்த கோழி

எங்கள் வீட்டுச் செவலைக் கோழி நேரம் பார்த்துத்தான் அடைக்குப் படுத்தது. மகள் அப்போதுதான் வயதுக்கு வந்திருந்தாள். காலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றி, கூடவே நல்லெண்ணெயும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடை முட்டையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அரிசி டப்பாவுக்குள் புதைத்துச் சேர்த்திருந்த முட்டைகள் சடங்குவரை காணாது. கோழி இன்னும் இட்டாக வேண்டும். அடை தெளியாமல் எந்தக் கோழி முட்டையிடும்? அதுவோ வெறும் மணல் கூடையில், அடியில் ஒரு முட்டைகூட இல்லாமல், எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். உதறிக்கொண்டு திரும்பவும் கூடைக்கே போனது. பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “மூக்குல ஒரு எறவ சொருகி விடு, தன்னால தெளிஞ்சிரும்” என்றாள். சொருகினேன். இறகை மீசை மாதிரி வைத்துக்கொண்டு அதே கூடையில் படுத்து என்னை முறைத்தது. கையை நீட்டினால் கொத்து. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“சடங்குக்கு உன்னயத்தான் கொழம்பு வைக்கப் போறேன், பாரு!”

உள்ளே மகள் சிரித்தாள். அவள் இருந்தது வீட்டு மூலையில். தனிப் பாய், தனித் தட்டு, குறுக்கே ஓர் உலக்கை. உலக்கையைத் தாண்டி வரக்கூடாது. பள்ளிக்கூடம் போகிறேன் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சடங்கு முடியட்டும் என்று நானும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பிளாண்ட் வேலை. உலகத்தில் எதையும் ஐஸ் போட்டு அடக்கிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. “ஏளா, அடைங்கது என்ன, சூடுதான? ஒரு போட்டு நெறைய வார மீனையே குளுர வைக்கோம், ஒரு கோழிய வைக்க முடியாதா?” என்றார். அன்று சாயங்காலம் சாக்கில் ஐஸ் கொண்டுவந்தார். பாதியை உடைத்துக் கூடை மணலில் பரப்பினார். மீதியைச் சாக்கோடு சுருட்டிப் பக்கத்திலேயே வைத்தார். கோழி கூடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஒரு காலை வைத்துப் பார்த்து எடுத்தது. பிறகு சிறகை விரித்து, மெதுவாக, அந்த ஐஸ் மேலேயே படுத்துவிட்டது.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். சாக்குக்குள் இன்னும் உள்ளங்கை அளவு ஐஸ் மிச்சம் இருந்தது. கோழி அதே இடத்தில் இருந்தது. கொத்து வாங்கிக்கொண்டே அதன் அடியில் கையை நுழைத்தேன். ஐஸ் இல்லை. ஈர மணல் வெதுவெதுவென்று இருந்தது. மார்பிலும் வயிற்றிலும் இறகு உதிர்ந்து, வெறும் தோல் என் விரலைச் சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை. ஒரு முட்டைகூட இல்லாத இடத்துக்கு இத்தனை சூட்டை இந்த உயிர் எங்கிருந்து கொண்டுவந்தது? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆத்திரமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“ஏளா, இங்கன வாயேன்” என்று என்னை அறியாமல் மகளைக் கூப்பிட்டேன். அவள் உலக்கையைத் தாண்டி வந்தாள். என் கைக்குப் பக்கத்தில் அவளும் கையை நுழைத்தாள். கண் விரிந்தது. கோழி அவளைக் கொத்தவில்லை.

“யம்மா, இது உக்காரணும்ங்குது, இத எந்திரிக்கச் சொல்லுத. நான் எந்திரிச்சுப் போவணும்ங்கேன், என்னய உக்காரச் சொல்லுத.”

எனக்குச் சுருக்கென்றது. கோழியின் மூக்கிலிருந்த இறகை மெல்ல உருவினேன். உள்ளே போய் அரிசி டப்பாவைத் திறந்து, இருந்த முட்டைகளையெல்லாம் முந்தானையில் எடுத்துவந்து, ஒவ்வொன்றாகக் கோழிக்கு அடியில் வைத்தேன். அது அலகாலேயே உருட்டி உள்ளே இழுத்துக்கொண்டது.

“அப்போ எனக்கு முட்டை?” என்றாள் மகள். பச்சை முட்டை என்றாலே அவளுக்குக் குமட்டும்.

“உனக்குக் கெடையாது. போ, குளிச்சிட்டு யூனிபார்ம எடு.”

“சொந்தக்காரங்க என்ன சொல்லுவாவ?” என்று வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

“சொல்லுதத சொல்லட்டும்” என்றேன்.

உலக்கையை நானே எடுத்துச் சுவரில் சாத்தினேன். மகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு பிடி அரிசியைக் கூடைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாள். கோழி எழுந்திருக்கவில்லை.